எண்ணெய் சுழற்றும் சக்கரம்

மோட்டார் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வீட்டார் மனத்தில் தோன்றுவது மின்சார மோட்டாரே. கிணற்றடியிலும் மாவு மில்லிலும் அதைக் கண்டு பழகியவர்கள் நாம். ஆனால் நாம் குடியேறி வாழும் இந்த நகரங்களில், நிலத்தைத் தோண்டும் பொக்லைனைச் சுழற்றுவது மின்சாரம் அன்று. சிமெண்டுக் கலவையை உருட்டிக்கொண்டு செல்லும் லாரியின் பெரும் பீப்பாயை உருட்டுவதும், துறைமுகத்தில் கப்பலின் வடத்தைச் சுருட்டி இழுப்பதும் மின்சாரக் கம்பி அல்ல. அவ்விடங்களில் எல்லாம் விரல் பருமனுள்ள ரப்பர்க் குழாய் வழியாகப் பாய்ந்து வரும் எண்ணெயே வேலை செய்கிறது. அந்த எண்ணெயின் அழுத்தத்தை வாங்கிச் சுழற்சியாக மாற்றிக் கொடுக்கும் கருவிக்கு ஹைட்ராலிக் மோட்டார் என்று பெயர்.

நாம் பொறியியல் பயின்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே ஸ்டோர்ஸ் டிப்போவில் குமாஸ்தாவாகப் பேரேடு எழுதுவது நம் தொழில். எனினும் பத்தாண்டுக்கு மேலாக இக்கருவிகளை வாங்கி வைக்கவும் வழங்கவும் நேர்ந்ததால், எது எதற்கு ஆகும் என்பதை மெக்கானிக்குகளிடம் கேட்டுக் கேட்டு ஒருவாறு தெரிந்துகொண்டோம். நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று இத்தகைய இயந்திரங்களின் பக்கத்தில் நின்று ஊதியம் பெறுகிறார்கள். தாம் தொடும் பொருள் இன்னதென்று அறிந்தோர் அவர்களில் சிலரே. அறியாமையால் விரலை இழந்தவரும் நம்மிடையே உண்டு. அதைப் பின்னால் சொல்லுவோம்.

மூடிய பாத்திரத்தில் உள்ள நீர்மத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் கண்ட உண்மை. அதனைக் கொண்டு 1795-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா என்பவர் நீரழுத்த அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அமுக்குவது வேறு, சுழற்றுவது வேறு. நீரின் அழுத்தத்தால் சரக்குத் தூக்க முடியும் என்று துறைமுகத்தார்க்குக் காட்டியவர் நியூகாசில் நகரத்து வில்லியம் ஆர்ம்ஸ்டிராங். அவர் தொழிலால் வழக்கறிஞர்! 1846-இல் அவ்வூர்த் துறையில் நகரத்துக் குழாய் நீரின் அழுத்தத்தைக் கொண்டே ஒரு பாரந்தூக்கியை இயக்கிக் காட்டினார். பிறகு அவர் வழியைப் பின்பற்றி இங்கிலாந்தின் துறைகளில் எல்லாம் நீரழுத்த இயந்திரங்கள் பெருகின. லண்டன் மாநகரில் 1883 முதல் 1977 வரை, மின்சாரம் விற்பது போல அழுத்த நீரைக் குழாயில் விற்ற ஒரு கம்பெனியே இருந்தது. தெருக்களின் அடியில் அதன் குழாய்கள் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் நீளம் ஓடின. நாடக அரங்கின் மேடையையும் ஹோட்டலின் லிப்டையும் அந்த நீர் ஏற்றி இறக்கியது. தேம்ஸ் நதியின் மீது 1894-இல் திறக்கப்பட்ட டவர் பாலத்தின் இரு கதவுகளும் நீரழுத்தத்தால்தான் எழுந்தன. 1976 முதல் அங்கே நீருக்குப் பதிலாக எண்ணெயும், நீராவிக்குப் பதிலாக மின்சாரமும் வேலை செய்கின்றன.

நீர் போய் எண்ணெய் வந்ததற்குக் காரணம் எளிது. நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். குளிர் நாட்டில் உறைந்துபோகும். உராயும் பகுதிகளுக்கு வழுவழுப்பைத் தராது. எண்ணெயோ தானே வேலை செய்து, தானே மசகாகவும் நிற்கிறது. 1906-ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் போர்க்கப்பலின் பீரங்கி மேடையைத் திருப்ப எண்ணெயைப் பயன்படுத்தியதே இந்த மாறுதலுக்கு வழிகாட்டி என்பர்.

இனி மோட்டாரின் சூத்திரத்துக்கு வருவோம். கணக்கென்று அஞ்ச வேண்டாம். மளிகைக் கடைக் கணக்கே இது. ஒரு மோட்டார் ஒரு முறை சுற்றுவதற்கு 100 கன சென்டிமீட்டர் எண்ணெயை விழுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பம்பு நிமிடத்துக்கு 50 லிட்டர் எண்ணெயை அனுப்பினால் அது 500 சுற்று சுற்றும். ஆகவே வேகத்தைத் தீர்மானிப்பது எண்ணெயின் அளவு. பலத்தைத் தீர்மானிப்பது எண்ணெயின் அழுத்தம். மேற்படி மோட்டாருக்கு 200 பார் அழுத்தம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ கொடுத்தால், கிடைக்கும் முறுக்கு விசை 318 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் 32 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு திருகுமோ அவ்வளவு. கசிவும் உராய்வும் போகக் குறைவது இருக்கட்டும். கணக்கின்படி இது 22 குதிரைச்சக்தி. இதே எண்ணெயை 200 கன சென்டிமீட்டர் மோட்டாருக்குள் விட்டால் வேகம் பாதியாகும், திருகும் பலம் இரட்டிக்கும். இவ்வளவே சூத்திரம். பம்பின் மேல் குறை சொல்லும் ஆபரேட்டர்களில் பாதிப் பேர், 'வேகம் இல்லை' என்பதற்கும் 'இழுவை இல்லை' என்பதற்கும் உள்ள இந்த வேற்றுமையைப் பிரித்துச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்துவிடும்.

இன்னொன்றையும் நோக்குக. 22 குதிரைச்சக்தி தரும் மின்சார மோட்டார் நூறு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதே சக்தி தரும் எண்ணெய் மோட்டார் பத்துக் கிலோ அளவில் அடங்கிவிடும். டிப்போவில் ஒருவரே அதைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவார். இடம் குறைவாயும் பளு மிகுதியாயும் உள்ள நடமாடும் இயந்திரங்களில் இது புகுந்ததற்கு இதுவே முதற் காரணம். முழுப் பளுவோடு நின்றுபோனாலும் மின்சார மோட்டார் போல இது புகைந்து எரிந்துபோவதில்லை. மிகுந்த அழுத்தத்தை ரிலீப் வால்வு திறந்து வெளியேற்றிவிடும்.

வகைகளுள் எளியது பல்சக்கர மோட்டார். ஒன்றோடொன்று கவ்விய இரண்டு பல்சக்கரங்கள் ஒரு பெட்டிக்குள் இருக்கும். ஒரு பக்கம் நுழையும் எண்ணெய் பற்களைத் தள்ளிக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். விலை குறைவு, சிறிது அழுக்கையும் பொறுக்கும். மெதுவாகச் சுற்றச் சொன்னால் மட்டும் தடுமாறும். குளிர்விக்கும் விசிறிகளைச் சுழற்ற இது ஏற்றது.

இதன் உறவினர் போன்றது ஆர்பிட் மோட்டார். வெளி வளையத்தில் ஏழு பள்ளங்கள். உள்ளே ஆறு பற்களுடைய ஒரு சக்கரம். உட்சக்கரம் தன் அச்சில் ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள், வளையத்தின் உள்ளே ஆறு முறை கிரகம் போல வலம் வந்துவிடும். அதற்குள் எண்ணெய் அறைகள் ஆறேழு நாற்பத்திரண்டு முறை நிரம்பி வடியும். ஆகவே கையடக்கமான கருவி, பல்பெட்டி இல்லாமலே, மெதுவாகவும் வலிவாகவும் சுற்றுகிறது. நாம் கண்ட வகைகளில் இதன் அமைப்பே நம்மை மிகவும் வியக்க வைத்தது. பழுதாகி வந்த ஒன்றை மெக்கானிக் பிரித்துக் காட்டியபோது, மதிய உணவு வேளை முழுவதும் அதையே கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வயல் இயந்திரங்கள், சிறு வின்ச்சுகள், சாலை கூட்டும் வண்டிகள் இவற்றில் எல்லாம் இதுவே மிகுதி.

தகடு மோட்டார் என்பது மூன்றாவது. நடுவே உள்ள சக்கரத்தின் பிளவுகளில் தகடுகள் செருகியிருக்கும். அவற்றின் மீது எண்ணெய் மோதிச் சுழற்றும். சத்தம் குறைவு. தகடு பம்பையே திருப்பிப் போட்டு மோட்டாராக்கலாமே என்று கேட்பவர் உண்டு. ஆகாது. பம்பை வெளியிலிருந்து ஒருவர் சுழற்றுவதால் தகடுகள் தாமே வீசப்பட்டுச் சுவரைத் தொடும். மோட்டாரோ நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும். அப்பொழுது தகடுகளை வெளியே தள்ள அடியில் வில் வைத்தாக வேண்டும்.

பெரிய வேலைகளுக்குப் பிஸ்டன் மோட்டார்களே அரசர்கள். அவற்றுள் ஒரு குடும்பத்தில், ரிவால்வர்த் துப்பாக்கியின் குண்டு உருளை போன்ற ஓர் உருளையில் ஏழு அல்லது ஒன்பது பிஸ்டன்கள் அச்சுக்கு இணையாக அமைந்திருக்கும். ஒற்றைப்படை எண்ணாக வைப்பது சுழற்சி அதிராமல் இருப்பதற்காக. பிஸ்டன்களின் அடிப்பாகம் ஒரு சாய்தட்டில் வழுக்கிச் செல்லும். எண்ணெய் பிஸ்டனைத் தள்ள, தட்டு சாய்ந்திருப்பதால் உருளை சுழல்கிறது. தட்டின் சாய்வைக் குறைத்தால் ஒரு சுற்றுக்கு விழுங்கும் எண்ணெய் குறையும். வேகம் கூடும், பலம் குறையும். பொக்லைன் ஓட்டுபவரின் கைப்பக்கத்தில் ஆமைப் படமும் முயல் படமும் போட்ட ஒரு பொத்தான் இருப்பதை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதை அழுத்தும்போது நடப்பது இதுதான்: ஆமையில் மேடு ஏறலாம், முயலில் சமதரையில் விரையலாம். சிமெண்டுக் கலவை லாரியின் பீப்பாயைச் சுழற்றுவதும் இவ்வகை மோட்டாரே.

பொக்லைன் என்றதும் ஒரு வார்த்தை. நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தோண்டும் இயந்திரம் எதுவாயினும் பொக்லைன் என்றே வழங்குகிறது. அது தமிழ்ச் சொல்லும் அன்று, ஆங்கிலச் சொல்லும் அன்று. ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். 1927-இல் தொடங்கிய அந்நிறுவனம் 1951-இல் எண்ணெய் அழுத்தத்தால் தோண்டும் இயந்திரத்தைச் செய்தது. பின்னர் எல் அண்டு டி நிறுவனம் அவ்வியந்திரங்களை நம் நாட்டிலும் செய்ததால் பெயர் ஊர்தோறும் பரவியது. தோண்டும் இயந்திரத் தொழில் கைமாறிப் போயிற்று. அப்பெயருடைய நிறுவனம் இன்றும் செய்து விற்பது என்ன தெரியுமா? ஹைட்ராலிக் மோட்டார்கள்!

அவை மற்றொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் பிஸ்டன்கள் சக்கரத்தின் ஆரைகளைப் போலச் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவிலுள்ள கிராங்கைத் தள்ளுவதும் உண்டு. அலை அலையாக வளைந்த வெளி வளையத்தை உதைத்துத் திரும்புவதும் உண்டு. நிமிடத்துக்குச் சில சுற்றுகளே சுற்றினாலும் யானைப் பலம். கரும்பாலையில் உருளைகளை மெதுவாக, விடாது நெருக்கிச் சுற்ற வேண்டும். முன்னர் நீராவி டர்பைனும் வீடு போன்ற பல்பெட்டிகளும் செய்த அவ்வேலையை, சில ஆலைகளில் இன்று உருளையின் முனையிலேயே மாட்டிய இத்தகைய மோட்டார் செய்கிறது. கப்பல் நங்கூர வின்ச்சுகளும் இதனையே நாடும்.

நம் ரயில்வேயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் டிப்போவில் நம்மை ஏற்க மாட்டார்கள். 1960களில் இந்நாட்டில் புகுந்த டாம்பிங் இயந்திரம், தண்டவாளத்தைத் தூக்கிப் பிடித்து, இரும்பு விரல்களைச் சரளைக் கல்லுக்குள் இறக்கி, அதிரவிட்டு நெருக்கி, ஸ்லீப்பர்களின் அடியைக் கெட்டிப்படுத்துகிறது. அவ்விரல்களை அதிரச் செய்வது மையம் பிசகிய ஓர் அச்சு. அவ்வச்சைச் சுழற்றுவது ஹைட்ராலிக் மோட்டார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,100 சுற்று, ஆகவே நொடிக்கு 35 அதிர்வு. நள்ளிரவில் பெட்டியில் கண்ணயர்ந்து ஊருக்குப் போகும் நம்மவர், தம்ளரில் தண்ணீர் தளும்பாமல் போகிறதே என்று மகிழ்ந்தால், அந்த மோட்டாருக்கும் ஒரு பங்கு நன்றி உரியது. பீகாரின் ஜமால்பூர்ப் பட்டறை கட்டும் 140 டன் விபத்து மீட்புக் கிரேன்களும் டீசலும் எண்ணெயும் சேர்ந்து இயங்குபவையே. கால்கா–சிம்லா மலைப்பாதையில் ஓடிவந்த டீசல் ஹைட்ராலிக் இஞ்சின்கள் மட்டும் வேறு சாதி: அவற்றில் எண்ணெயின் அழுத்தம் அன்று, எண்ணெயின் வேகமே சக்கரத்தைத் தள்ளும். பெயரைக் கண்டு மயங்கக் கூடாது.

நம்மவர்க்கு மிக நெருங்கிய உதாரணம் வேறொன்று உண்டு. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் இந்தியாவில் போகாத மாநிலம் அரிது. மத்தியப் பிரதேசத்திலோ மராட்டியத்திலோ ஒரு மாந்தோப்பின் ஓரத்தில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால், அங்கே ரிக் நிற்கிறது என்று பொருள். பாறையை இடிக்கும் சுத்தியலை இயக்குவது கம்பிரசரின் காற்று. கம்பியைத் திருகிக்கொண்டே இருப்பதோ ஹைட்ராலிக் மோட்டார். திருகல் நின்றால் சுத்தியல் ஒரே இடத்தில் இடித்துக் கம்பி சிக்கிவிடும். சிக்கிய கம்பியை மீட்க முடியாமற் போனால் அன்றைய வருமானம் மட்டுமா போகும்? அதனாலேயே அவ்வண்டிகளில் அனுபவமுள்ள ஓட்டுநர், அழுத்தம் காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. பாறை இறுகினால் முள் ஏறும், மண் இளகினால் இறங்கும். பூமிக்கடியில் நடப்பதை அந்த முள் சொல்லுகிறது.

இனி, வேலை செய்யும் பிள்ளைகளுக்காகச் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஹைட்ராலிக் மோட்டார் எதுவும் பளுவை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்காது. எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் உள்ளே இழைக் கசிவு உண்டு. வால்வை மூடினாலும் தூக்கிய பளு மெல்ல மெல்ல இறங்கும். ஆதலால் வின்ச்சிலும் கிரேனிலும் தனியே பிரேக் வைத்திருப்பார்கள். பிரேக் பட்டை தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தும், 'எண்ணெய் பிடித்துக்கொள்ளும்' என்று நம்பிப் பளுவின் கீழ் நிற்பது உயிரோடு விளையாடுவதாகும்.

அந்த இழைக் கசிவு மோட்டாரின் கூட்டுக்குள் சேரும். அதைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பப் பெரும்பாலான மோட்டார்களில் ஒரு சிறு குழாய் உண்டு. ஒழுகுகிறதே என்று அதை அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் கூட்டுக்குள் அழுத்தம் ஏறி, அச்சின் சீல் பிய்ந்துபோகும். புதிய பிஸ்டன் மோட்டாரை மாட்டும்போது அக்கூட்டை எண்ணெயால் நிரப்பிய பிறகே ஓட்ட வேண்டும். வறண்டு ஓடினால் முதல் நிமிடத்திலேயே உள்ளுறுப்புகள் கீறிவிடும். திரும்பி வரும் பழுதுகளில் நாம் பேரேட்டில் மிகுதியாக எழுதும் காரணம் தூசு. தலைமயிரின் பருமனில் ஏழில் ஒரு பங்கே உள்ள துகளும் பிஸ்டனைக் கீற வல்லது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தேநீர் அருந்தப் போகலாகாது.

இப்பொழுது விரல் கதை. நம் குடியிருப்பில் ஒரு வீட்டுப் பிள்ளை, இருபத்திரண்டு வயது, ஒரு கட்டட வேலையிடத்தில் ஹெல்பராக இருந்தான். குழாயில் எங்கோ எண்ணெய் சீறும் ஓசை கேட்டது. கசிவு கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் தடவித் தேடினான். ஆள்காட்டி விரலில் எறும்பு கடித்தது போல ஒரு சுருக்கு. ஒரு சிறு புள்ளி. இரத்தமும் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. வேலையிடத்தில் மருந்து தடவிக் கட்டுப் போட்டுத் திரும்ப வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். இரவில் விரல் வீங்கிக் கறுத்தது. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, அறுத்துச் சுத்தம் செய்தும் பாதி விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அவன் தாயார், 'ஒரு புள்ளிதானே தம்பி, யார் நினைத்தார்கள்?' என்று நம்மிடம் பலமுறை கேட்டுவிட்டார்.

ஊசித் துளை போன்ற ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய், மருத்துவரின் ஊசியைவிட வேகமாகத் தோலைத் துளைத்துச் செல்லும். உள்ளே போனது சதையிடுக்குகளில் பரவி இரத்த ஓட்டத்தை அடைக்கும், திசுக்கள் அழுகும். முதலில் வலியில்லாமையே இதன் வஞ்சகம். ஆகவே கசிவைக் கையால் தேடக் கூடாது. கையுறை போட்டிருந்தாலும் கூடாது. நீளமான அட்டைத் துண்டையோ மரப்பலகையையோ குழாயின் பக்கத்தில் காட்டினால் எண்ணெய்க் கறை இடத்தைச் சொல்லிவிடும். இஞ்சினை நிறுத்தி, தூக்கிய பகுதியைத் தரையில் இறக்கி, லீவர்களை ஆட்டி அழுத்தத்தை விடுவித்த பின்னரே குழாயை அவிழ்க்க வேண்டும். இஞ்சின் நின்ற பிறகும் குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருக்கக் கூடும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், புள்ளி எவ்வளவு சிறியதானாலும் உடனே அறுவை மருத்துவர் உள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அங்கே 'காயம்' என்று மட்டும் சொல்லாமல், 'அழுத்த எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது' என்று சொல்ல வேண்டும். அந்த ஊர் மொழியில் இதை எப்படிச் சொல்லுவது என்று இன்றே பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்து வையுங்கள். சில மணி நேரமே விரலுக்கும் ஊனத்துக்கும் இடையே உள்ளது.

எண்ணெய்க்கும் எதிரிகள் இல்லாமல் இல்லை. பம்பிலும் மோட்டாரிலும் சேர்த்துக் கொடுத்த சக்தியில் கால் பங்குக்கு மேல் வெப்பமாகப் போய்விடுவது சாதாரணம். ஆகையால் ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும் இயந்திரங்கள் சிலவற்றில், குறிப்பாகப் பிளாஸ்டிக் வார்ப்பில், திருகாணியைச் சுழற்றும் வேலையை மின்சார மோட்டார் எடுத்துக்கொண்டு வருகிறது. ஆனால் சேற்றிலும் புழுதியிலும் பாறையிலும் பெரும்பளுவோடு போராடும் இயந்திரங்களிலிருந்து எண்ணெயை அகற்றுவது எளிதாகத் தோன்றவில்லை.

ஐ.டி.ஐ.யில் பிட்டர் அல்லது டீசல் மெக்கானிக் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் நம் சங்கத்தில் சிலர் உளர். 1961-ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி ரயில்வேப் பட்டறைகளிலும் பெரிய தொழிற்சாலைகளிலும் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் ஹைட்ராலிக் பகுதியில் சில மாதங்கள் நிற்க வாய்ப்புக் கேட்டுப் பெறுவது நலம். ரிக்கிலும் பொக்லைனிலும் ஹெல்பராக இருப்பவர்களும், மோட்டாரின் தகட்டில் பொறித்திருக்கும் எண்களைப் படிக்கப் பழகலாம்: ஒரு சுற்றுக்கு எத்தனை கன சென்டிமீட்டர், அழுத்தம் எத்தனை பார், வேகம் எவ்வளவு. அம்மூன்றும் தெரிந்தவன் கெட்டுப்போன மோட்டாருக்கு மாற்று வாங்கக் கடைக்குப் போனால், கடைக்காரர் எடுத்து நீட்டுவதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. தகடு தேய்ந்து படிக்க முடியாவிட்டால், பழைய மோட்டாரையே கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அச்சின் விட்டத்தையும், போல்ட்டுத் துளைகளின் இடைவெளியையும், எந்தப் பக்கம் சுற்றும் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வது போதும்.